நுண்ணோக்கியை மாணவர் கையில் கொடுங்கள்: வடசென்னைப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நம் பள்ளி ஆய்வகங்களில் நுண்ணோக்கி வகுப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. ஆசிரியர் முன்கூட்டியே ஸ்லைடைப் பொருத்தி, ஒளியைச் சரிசெய்து, காட்சியைத் தெளிவாக்கி வைத்துவிடுகிறார். "யாரும் எதையும் தொடக் கூடாது" என்ற எச்சரிக்கையுடன் வரிசை நகர்கிறது. ஒவ்வொருவரும் குனிந்து, ஒரு கண்ணை இறுக மூடி, சில நொடிகள் பார்த்துவிட்டு அடுத்தவருக்கு இடம் விடுகிறார்கள். என்ன தெரிந்தது என்று கேட்டால் "ஏதோ வட்டமாகத் தெரிந்தது மிஸ்" என்பார்கள். பிறகு ரெக்கார்டு நோட்டில், போன ஆண்டு படித்த அக்காவோ அண்ணனோ வரைந்த படம் அப்படியே இடம்பெயரும்.

இதற்கு ஆசிரியரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. நாற்பது பிள்ளைகள், நான்கு கருவிகள், லென்ஸ் உடைந்தால் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு என்று அவருக்கு ஆயிரம் நெருக்கடிகள். ஆனாலும் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: திருகின் மேல் மாணவரின் விரல் படாதவரை அவர் நுண்ணோக்கியைக் கற்றுக்கொண்டதாகாது. காட்சி மங்கலாக இருப்பதையும், அதைத் தன் கையாலேயே தெளிவுக்குக் கொண்டுவர முடிவதையும் பிள்ளை உணர வேண்டும். அதை எப்படிக் கருவிக்குச் சேதமில்லாமல், கிடைக்கும் நேரத்துக்குள், பெரிய செலவில்லாமல் நடத்துவது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை இது பொருந்தும்.

வகுப்புக்கு முன்பு: கருவியைச் சோதியுங்கள்

காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று கடலையொட்டியுள்ள பள்ளிகளில் நுண்ணோக்கிக்கு முதல் எதிரி மாணவரல்ல, காற்று. ஈரமும் உப்பும் கலந்த கடற்காற்று திருகுகளைத் துருப்பிடிக்க வைக்கும். பூட்டிய மர அலமாரியின் இருட்டில் லென்ஸ்மீது பூஞ்சை வலை பின்னும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இது வேகமாகப் பரவும். லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். மெல்லிய இழைகள் கிளை பிரிந்து தெரிந்தால் அது பூஞ்சை. அந்தக் கருவியை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். நாளாக ஆகப் பூஞ்சை லென்ஸின் பூச்சையே அரித்துவிடும் என்பதால் பழுதுபார்ப்பவரிடம் தள்ளிப்போடாமல் கொடுத்துவிடுவது நல்லது.

மற்ற கருவிகளைத் தூசி படாதபடி மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வையுங்கள். ஈரத்தை இழுத்து ஜெல்லின் நிறம் மாறியதும் அதைச் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் பயன்படுத்தலாம். நீல நிற ஜெல்லில் நச்சுத்தன்மையுள்ள கோபால்ட் உப்பு இருப்பதால் அதைச் சமையல் பாத்திரத்தில் வறுக்கவே கூடாது. ஆரஞ்சு நிறத்தில் கிடைப்பதை வாங்கினால் அந்தக் கவலை இல்லை.

லென்ஸைத் துடைக்கும் முன் ரப்பர் ஊதியால் தூசியை அகற்றுங்கள். பிறகு லென்ஸ் துடைக்கும் தாளால் மெதுவாக, நடுவிலிருந்து வெளிப்புறமாகத் துடையுங்கள். புடவைத் தலைப்பு, கைக்குட்டை, செய்தித்தாள் எதுவும் வேண்டாம். துணியில் ஒட்டியிருக்கும் ஒரு மணல் துகளே லென்ஸில் கீறல் போடப் போதும்.

காட்சியில் ஒரு கறை தெரிந்தால் அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. இதை மாணவர்களுக்கும் கற்றுக்கொடுங்கள், துப்பறியும் ஆர்வத்துடன் செய்வார்கள். கண்ணருகு லென்ஸை லேசாகச் சுழற்றுங்கள். கறையும் சுழன்றால் அது அந்த லென்ஸில் இருக்கிறது. ஸ்லைடை நகர்த்தும்போது கறையும் நகர்ந்தால் ஸ்லைடில். பொருளருகு லென்ஸை மாற்றியதும் மறைந்தால் முன்பு இருந்த லென்ஸில். மூன்றுக்கும் அசையாமல் நின்றால் கீழே ஒளிக்குவிப்பானிலோ கண்ணாடியிலோ பாருங்கள்.

லென்ஸ்களின் பக்கவாட்டில் உள்ள எண்களையும் படித்துவிடுங்கள். பல பள்ளிக் கருவிகளில் 10, 45 என்று இரண்டே பொருளருகு லென்ஸ்கள் இருக்கும். சிலவற்றில் 4, 10, 40 என்று மூன்று. கண்ணருகு லென்ஸ் பெரும்பாலும் 10. இரண்டையும் பெருக்கினால் மொத்த உருப்பெருக்கம்: 40 மடங்கு, 100 மடங்கு, 400 மடங்கு. பெரிய லென்ஸில் 0.17 என்றும் எழுதியிருந்தால், 0.17 மில்லிமீட்டர் தடிமனுள்ள கவர் சிலிப்புக்காக அது செய்யப்பட்டது என்று பொருள். கவர் சிலிப் தீர்ந்துவிட்டது என்று இன்னொரு ஸ்லைடையே மேலே கவிழ்த்தால் பெரிய லென்ஸில் காட்சி ஏன் கிடைப்பதில்லை என்பதற்கு இதுவே காரணம். 100 மடங்கு எண்ணெய் லென்ஸ் இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள். பள்ளி மாணவருக்கு அது தேவைப்படாது.

நாற்பது பேர், நான்கு கருவிகள்

இதற்கு ஒரு கணக்கு போடலாம். செய்முறை வகுப்புக்கு இரண்டு பாடவேளைகள் சேர்ந்து ஏறக்குறைய 80 நிமிடம் கிடைக்கும். வகுப்பை இரண்டு பாதியாகப் பிரியுங்கள். முதல் பாதி கருவியில் இருக்கும்போது மறுபாதி வெங்காயத் தோல் உரிப்பது, ஸ்லைடு தயாரிப்பது, கைலென்ஸில் பார்ப்பது, வரைவது ஆகியவற்றைச் செய்யட்டும். 35 நிமிடத்துக்குப் பிறகு இடம் மாறட்டும். ஒரு கருவிக்கு ஐந்து பேர், ஆளுக்கு ஏழு நிமிடம். வரிசையில் நின்று பெறும் சில நொடிகளோடு ஒப்பிட்டால் இது பெரும் செல்வம்.

கருவியில் உட்காரும்போது இருவர் இருவராக உட்கார வையுங்கள். ஒருவர் திருகைச் சுற்றுவார். மற்றவர் பக்கவாட்டிலிருந்து, லென்ஸின் நுனிக்கும் ஸ்லைடுக்கும் உள்ள இடைவெளியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். இடைவெளி குறுகினால் "நிறுத்து" என்று சொல்வது அவர் வேலை. இந்த ஓர் ஏற்பாட்டினாலேயே லென்ஸ் உடையும் பயம் பெருமளவு போய்விடும். ஆசிரியர் ஒருவரே நான்கு மேசைகளையும் காவல் காக்க வேண்டியதில்லை.

முதல் பாடம்: செய்தித்தாளில் ஒரு 'ட'

முதல் நாளிலேயே செல்லைக் காட்ட அவசரப்படாதீர்கள். எது தெரிய வேண்டும் என்று மாணவருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருள் முதலில் வேண்டும். வரி விளம்பரப் பக்கத்தின் சிற்றெழுத்து அதற்குப் பொருத்தமானது. 'ட' என்ற எழுத்தைக் கத்தரித்து, ஸ்லைடில் ஒரு சொட்டு நீரில் வைத்து, கவர் சிலிப்பால் மூடச் சொல்லுங்கள்.

ஏன் 'ட'? 'ப' வைத்தால் அதன் இடமும் வலமும் ஒன்றுபோல இருப்பதால் தலைகீழானது மட்டும்தான் தெரியும். 'ட'வில் செங்குத்துக் கோடு இடப்பக்கம், படுக்கைக் கோடு அடியில். நுண்ணோக்கியில் பார்த்தால் செங்குத்துக் கோடு வலப்பக்கத்துக்கும் படுக்கைக் கோடு மேலேயும் போயிருக்கும். பிம்பம் மேல்கீழாகவும் இடவலமாகவும் சேர்ந்தே திரும்புகிறது என்பதை மாணவர்கள் தாங்களாகவே சொல்லிவிடுவார்கள். நேராக வைத்த எழுத்தையும் தெரியும் எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வரையச் சொல்லுங்கள்.

அடுத்து, பார்த்துக்கொண்டே ஸ்லைடை வலப்பக்கம் நகர்த்தச் சொல்லுங்கள். காட்சி இடப்பக்கம் ஓடும். கை இதற்குப் பழக ஐந்து நிமிடம் ஆகும், பொறுத்திருங்கள். நகரும் நீர்ப்பூச்சியைப் பின்னால் துரத்திப் பார்க்க இந்தப் பழக்கம்தான் உதவப்போகிறது. நேரம் மிஞ்சினால் செய்தித்தாளில் அச்சான வண்ணப் படத்தின் ஒரு துண்டை வையுங்கள். நடிகரின் முகம் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகளாகச் சிதறுவதைப் பார்த்து வகுப்பே கூடிவிடும்.

காட்சியைத் தெளிவாக்கும் முறை

இதுதான் இந்த வழிகாட்டியின் மையம். கரும்பலகையில் எழுதிப் போடுங்கள், ஒவ்வொரு வகுப்பிலும் திரும்பச் சொல்ல வையுங்கள்.

1. கருவியை ஒரு கையால் அதன் வளைந்த கைப்பிடியிலும் மறு கையால் அடிப்பாகத்திலும் பிடித்துத் தூக்கி வந்து, மேசை விளிம்பிலிருந்து ஒரு சாண் உள்ளே வைக்கவும்.

2. மிகச் சிறிய பொருளருகு லென்ஸை (4 அல்லது 10) நேர்கோட்டுக்குக் கொண்டுவரவும். 'கிளிக்' என்று பொருந்தும் வரை சுழற்றவும். பாதியில் நின்றால் காட்சி பாதி இருட்டாக இருக்கும்.

3. ஸ்லைடு வைக்காமலேயே ஒளியைச் சரிசெய்யவும். வட்டம் முழுவதும் சீரான வெளிச்சம் வர வேண்டும்.

4. கவர் சிலிப் மேற்பக்கம் இருக்குமாறு ஸ்லைடை வைத்து, பொருளை ஒளித்துளையின் நடுவுக்குக் கொண்டுவந்து கவ்வியால் பிடிக்கவும்.

5. கண்ணருகு லென்ஸில் பார்க்காமல், பக்கவாட்டிலிருந்து பார்த்தபடி, பெரிய திருகால் லென்ஸையும் ஸ்லைடையும் நெருக்கவும். தொடாத அளவுக்கு நெருங்கியதும் நிறுத்தவும்.

6. இப்போது கண்ணை வைத்து, பெரிய திருகை எதிர்த்திசையில் மெல்லச் சுற்றி இரண்டையும் விலக்கவும். காட்சி எழுந்து வரும். சிறிய திருகால் கூர்மையாக்கவும்.

7. பார்க்க வேண்டிய இடத்தை வட்டத்தின் நட்டநடுவுக்குக் கொண்டுவந்த பிறகே பெரிய லென்ஸுக்கு மாற்றவும். மாற்றிய பின் சிறிய திருகு மட்டும், அதுவும் அரைச் சுற்றுக்குள்.

பார்த்துக்கொண்டே நெருக்கக் கூடாது, பார்த்துக்கொண்டே விலக்கலாம். முழு முறையின் உயிர் இதில் இருக்கிறது. 40 மடங்கு லென்ஸ் தெளிவாகக் காட்டும்போது அதற்கும் கவர் சிலிப்புக்கும் நடுவே ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்கும். பெரிய திருகை அப்போது கால் சுற்று தவறாகச் சுற்றினாலும் கண்ணாடி நொறுங்கும். சில கருவிகளில் லென்ஸ் குழல் நகரும், சிலவற்றில் ஸ்லைடு வைக்கும் மேடை நகரும். அதனால் 'மேலே', 'கீழே' என்று சொல்லாமல் 'நெருக்கு', 'விலக்கு' என்று சொல்லிப் பழக்குங்கள்.

"ஒன்றும் தெரியவில்லை மிஸ்" என்ற குரல் நிச்சயம் வரும். அப்போது ஆசிரியரின் கை தானாகத் திருகை நோக்கிப் போகும். போக விடாதீர்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கேள்வி கேளுங்கள். எந்த லென்ஸில் இருக்கிறாய்? கிளிக் கேட்டதா? ஸ்லைடை லேசாக அசைத்தால் காட்சியில் ஏதாவது அசைகிறதா? அசைந்தால் பொருள் அங்கேதான் இருக்கிறது, திருகை மட்டும் சரிசெய்தால் போதும். அசைவே இல்லையென்றால் பொருள் நடுவில் இல்லை. சிறிய லென்ஸில் நன்றாகத் தெரிந்து பெரிய லென்ஸில் எவ்வளவு முயன்றும் வராவிட்டால் ஸ்லைடு தலைகீழாக இருக்கிறதா என்று பாருங்கள். கவர் சிலிப் அடியில் போயிருந்தால் ஸ்லைடின் முழுத் தடிமனும் குறுக்கே நின்றுவிடும். கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே மாணவர் தானாகக் கண்டுபிடிக்க மூன்று நிமிடம் ஆகலாம். அந்த மூன்று நிமிடம்தான் பாடம்.

கண்ணைப் பற்றி இரண்டு செய்திகள். ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் சீக்கிரம் களைத்துவிடும். இரண்டையும் திறந்தே வைத்துப் பழக வேண்டும். தொடக்கத்தில் மறு கண்ணைக் கையால் மறைத்துக்கொள்ளலாம், சில வகுப்புகளில் பழகிவிடும். வெறும் கிட்டப்பார்வைக்காகக் கண்ணாடி அணிந்தவர்கள் அதைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாம், திருகே அதை ஈடுசெய்துவிடும். சிதறல் பார்வைக்காக (அஸ்டிக்மாடிசம்) அணிபவர்கள் அணிந்தபடியே பார்க்க வேண்டும்.

வெளிச்சம்

மேடைக்கு அடியில் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டயபிரத்தைப் பலரும் முழுவதும் திறந்தே வைத்திருக்கிறார்கள். வெளிச்சம் கூடினால் நன்றாகத் தெரியும் என்ற நினைப்பு. நிறமேற்றாத கன்னச் செல்லும் நீர்வாழ் உயிரும் கண்ணாடி போன்றவை, ஒளி வெள்ளத்தில் கரைந்துவிடும். டயபிரத்தை மெல்ல மூடிக்கொண்டே வந்தால் ஓரங்கள் கறுத்து உருவம் எழும். மாணவரையே திறந்து மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். பெரிய லென்ஸுக்கு மாறும்போது வெளிச்சம் குறையும், அப்போது மட்டும் சற்றுத் திறக்க வேண்டும்.

கண்ணாடி வைத்த கருவிகளில் ஒருபுறம் தட்டையாகவும் மறுபுறம் குழிவாகவும் இருக்கும். ஒளிக்குவிப்பான் இருந்தால் தட்டை, இல்லாவிட்டால் குழிவு. நேர்ச் சூரிய ஒளியை ஒருபோதும் கண்ணாடியில் வாங்கக் கூடாது, விழித்திரை பாழாகும். வடக்குப் பார்த்த ஜன்னல் வெளிச்சம் நாள் முழுவதும் சீராக இருக்கும். அடுத்த கட்டடம் மறைக்கும் பள்ளிகளில் செல்போன் டார்ச்சின் மேல் டிரேசிங் தாளை ஒட்டிக் கண்ணாடிக்கு எதிரே வையுங்கள். மின்வெட்டிலும் வகுப்பு நிற்காது.

வெங்காயத் தோல்: கையால் செய்யும் முதல் ஸ்லைடு

பெரிய வெங்காயத்தை நான்காகப் பிளந்து, சதைப்பற்றுள்ள ஓர் இதழைப் பிரித்தெடுங்கள். அதன் உட்குழிவான பக்கத்தில் மெல்லிய சவ்வு இருக்கும். இதழை வெளிப்பக்கமாக மடித்து உடைத்தால் சவ்வு ஓரத்தில் பிரிந்து நிற்கும். அதை இடுக்கியால் பிடித்து இழுத்தால் ஈரப் பட்டுத்துணியின் மினுமினுப்போடு உரிந்து வரும். விரல்நகத்தில் பாதி அளவு போதும். காற்றுப் பட்டால் உடனே சுருண்டுகொள்ளும் என்பதால் ஸ்லைடில் நீர்ச்சொட்டைத் தயாராக வைத்துக்கொண்டே உரிக்க வேண்டும். நீரில் மிதக்கவிட்டு, ஊசியால் மடிப்பை நீக்குங்கள்.

சாஃப்ரனின் என்ற சாயத்தில் ஒரு சொட்டு விட்டு ஒரு நிமிடம் காத்திருந்து, மிகுந்த சாயத்தை நீரால் கழுவுங்கள். சாஃப்ரனின் இல்லாவிட்டால் மருந்துக்கடையில் கிடைக்கும் போவிடோன் அயோடினை நீர் கலந்து பயன்படுத்தலாம், உட்கரு பழுப்பாகத் தெரியும். பிறகு கவர் சிலிப்பின் ஒரு விளிம்பை நீரின் ஓரத்தில் சாய்த்து நிறுத்தி, மறுவிளிம்பை ஊசியால் தாங்கிக்கொண்டு மெல்லப் படுக்க வையுங்கள். தட்டையாகப் போட்டால் காற்றுக்குமிழ்கள் சிக்கும். மிகுந்த நீரை வடிதாளால் ஒற்றி எடுங்கள். லென்ஸின் நுனியில் சாயம் படவே கூடாது.

காற்றுக்குமிழைச் செல் என்று நினைத்து வரையாத மாணவரே இல்லை எனலாம். கெட்டியான கறுப்பு விளிம்புடன், கச்சிதமான வட்டமாக, உள்ளே ஒன்றுமில்லாமல் இருந்தால் அது குமிழ். வேண்டுமென்றே குமிழ்கள் நிறைந்த ஒரு ஸ்லைடைத் தயாரித்து எல்லோரையும் பார்க்க வைத்துவிட்டால் இந்தக் குழப்பம் ஆண்டு முழுவதும் வராது.

400 மடங்கில் ஒரு வெங்காயச் செல்லில் நின்று, சிறிய திருகை மிக மெதுவாக முன்னும் பின்னும் சுற்றச் சொல்லுங்கள். மேற்சுவர் தெளிந்து மங்கும், பிறகு உட்கரு தெளியும், பிறகு அடிச்சுவர். படத்தில் வெறும் கட்டமாக இருந்த செல்லுக்கு ஆழம் உண்டு என்பது அப்போது விளங்கும். உட்கரு பல செல்களில் சுவரை ஒட்டி ஒதுங்கியிருப்பதையும் கவனிக்கச் சொல்லுங்கள். நடுவில் இருக்கும் பெரிய நுண்குமிழி (வாக்குவோல்) அதைத் தள்ளியிருக்கிறது.

நம் ஊரில் பார்க்கக் கிடைப்பவை

வீட்டு வாசல் தொட்டிகளில் வளரும் ரியோ செடி ஒன்றைப் பள்ளியில் நட்டுவிடுங்கள். இலையின் ஊதா நிற அடிப்பக்கத்தைக் கிழித்தால் ஓரத்தில் மெல்லிய தோல் கிடைக்கும். சாயமே வேண்டாம். ஊதாச் செல்களுக்கு நடுவே இலைத்துளைகள் பச்சையாகத் தனித்துத் தெரியும். 100 மில்லி நீரில் 5 கிராம் உப்பு கரைத்து, கவர் சிலிப்பின் ஒரு பக்கம் ஒரு சொட்டு விட்டு மறுபக்கம் வடிதாளால் உறிஞ்சுங்கள். சில நிமிடங்களில் ஊதா நிறம் செல்சுவரை விட்டு விலகிச் சுருங்குவதை மாணவர் நேரில் பார்ப்பார். பிளஸ் ஒன் பாடத்தின் பிளாஸ்மா சிதைவு இதுதான்.

கொளத்தூர் வண்ண மீன் சந்தையில் வேலம்பாசி கிடைக்கும். அதன் இலை இரண்டே செல் அடுக்குத் தடிமன் என்பதால் வெட்டாமல் அப்படியே வைக்கலாம். வெளிச்சத்தில் சற்று நேரம் வைத்துவிட்டு, நடு நரம்பை ஒட்டிய செல்களை 400 மடங்கில் பாருங்கள். பசுங்கணிகங்கள் வரிசையாகச் சுவரோரம் நகர்ந்துகொண்டிருக்கும். அதே கடைகளில் மீன்களுக்கு மருந்தாக விற்கும் மெத்திலீன் நீலம், நீர்த்துப் பயன்படுத்தினால் கன்னச் செல்லுக்கு நல்ல சாயம்.

காசிமேட்டு மீன் கழிவில் போகும் செதில்கள் நமக்குப் பொக்கிஷம். சோப்பு நீரில் கழுவி, உலர்த்தி, இரண்டு ஸ்லைடுகளுக்கு நடுவே வைத்துச் சிறிய லென்ஸில் பாருங்கள். மத்திச் செதிலின் விளிம்பு வழுவழுப்பாக இருக்கும், சங்கராச் செதிலின் பின்விளிம்பில் நுண்ணிய பற்கள் வரிசையாக நிற்கும். இரண்டிலும் வளர்ச்சி வளையங்கள் உண்டு. குளிர்நாட்டு மீன்களில் இவற்றை வைத்து வயதைக் கணக்கிடுவார்கள். ஆண்டு முழுவதும் வெப்பமாக இருக்கும் நம் கடல் மீன்களில் அந்த ஆண்டுக்கோடு அவ்வளவு தெளிவாக விழாது. மீனவர் வீட்டுப் பிள்ளைகள் இந்த வகுப்பில் ஆசிரியருக்கே பாடம் எடுப்பார்கள், எடுக்க விடுங்கள். எந்த மீனின் செதில் எளிதில் உதிரும், எது உதிராது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

கடலுக்குப் போய்த் திரும்பும் படகுக்காரரிடம் ஒரு பாட்டில் கடல்நீர் கேட்டு வாங்கி, மெல்லிய நைலான் துணியில் வடித்து, துணியில் தங்கியதைச் சில சொட்டு நீரில் அலசி எடுத்தால் மிதவை உயிரிகள் கிடைக்கும். பக்கிங்காம் கால்வாய், ஓட்டேரி நல்லா, எண்ணூர் கழிமுகம் ஆகியவற்றின் நீரை மாணவர்கள் கையால் எடுக்கவே கூடாது. சாக்கடையும் ஆலைக் கழிவும் கலக்கும் நீர் அது. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதை அந்தப் பகுதிப் பிள்ளைகள் நேரில் கண்டவர்கள். ஒப்பிட்டுக் காட்ட வேண்டுமென்றால் ஆசிரியர் கையுறை அணிந்து எடுத்து, மூடிய ஸ்லைடாகவே கொடுக்க வேண்டும்.

எண்ணூர், அத்திப்பட்டு, மணலிப் பக்கத்துப் பள்ளிகளுக்கு இன்னொரு பாடமும் உண்டு. மொட்டைமாடித் தூசியின்மேல் ஒளிபுகும் ஒட்டு நாடாவை ஒற்றி, அதை ஸ்லைடில் ஒட்டி 400 மடங்கில் பாருங்கள். சாலைத் தூசியும் மணலும் முனைமுனையாக இருக்கும். அனல்மின் நிலையச் சாம்பல் இருந்தால் அதன் துகள்கள் கண்ணாடிக் கோலிக்குண்டுகளைப் போல உருண்டையாகத் தெரியும். உலையின் வெப்பத்தில் நிலக்கரியிலுள்ள கனிமங்கள் உருகித் துளிகளாகி, பறக்கும்போதே குளிர்ந்து இறுகுவதால் அந்த வடிவம். மகரந்தமும் உருண்டையாக இருக்கக்கூடும் என்பதை மாணவர்களிடம் சொல்லுங்கள். மகரந்தத்தின் மேற்பரப்பில் முள்ளோ வரியோ குழியோ இருக்கும், சாம்பல் உருண்டை வழவழப்பாக இருக்கும். உருண்டையைக் கண்டதும் முடிவுக்கு வந்துவிடாமல் சான்றுகளை எடைபோடும் பழக்கம் இங்கேதான் தொடங்கும்.

கொசுப்புழுவைக் குழிவான ஸ்லைடில் வைத்தால் சிறிய லென்ஸிலேயே குடல் நெளிவது தெரியும். 1897 ஆகஸ்டில் ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டதும் நுண்ணோக்கி வழியாகத்தான் என்பதை அப்போது சொல்லலாம். பார்த்து முடித்ததும் புழுக்களைச் சோப்பு நீரில் கொட்டிவிடுங்கள்.

ரத்தம் எடுக்க விரலில் குத்துவது வேண்டவே வேண்டாம், அதற்கு ஆயத்த ஸ்லைடு போதும். கன்னச் செல்லுக்கு ஆளுக்கொரு புதிய பல்குச்சி, அவரவர் கன்னத்துக்கு மட்டும். முடிந்ததும் ஸ்லைடுகளைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் போட வேண்டும். தண்டின் குறுக்குவெட்டு எடுக்கும்போது முழு வட்டம் வர வேண்டும் என்று பிள்ளைகள் தடிமனாக வெட்டிவிடுவார்கள். ஒரு மூலை மெல்லியதாக இருந்தாலே பார்க்கப் போதுமானது.

வரைவதும் அளப்பதும்

புத்தகத்தை மூடி வைத்த பிறகே வரையத் தொடங்க வேண்டும். கூர்மையான பென்சில், ஒரே கோடு, நிழல் தீட்டல் கிடையாது. பக்கத்தில் பாதி அளவுக்குப் பெரிதாக, மூன்று செல்கள் வரைந்தாலும் போதும். பொருளின் பெயர், சாயம், உருப்பெருக்கம் மூன்றும் எழுதியிருக்க வேண்டும். தெரிந்ததை வரைந்திருந்தால், புத்தகப் படத்தைப் போல அழகாக இல்லாவிட்டாலும் முழு மதிப்பெண் கொடுங்கள். தெரியாத பாகத்துக்குப் பெயர் எழுதியிருந்தால் "இதை எனக்குக் காட்டு" என்று கருவியிடம் அழைத்துப் போங்கள். செல்போனில் படமெடுத்துத் திரையில் காட்டுவதில் தவறில்லை, எல்லோரும் தாமே பார்த்து வரைந்து முடித்த பிறகு.

அளப்பதற்குத் தனிக் கருவி தேவையில்லை. ஒளிபுகும் பிளாஸ்டிக் அளவுகோலைச் சிறிய லென்ஸின் கீழ் வைத்து, வட்டத்தின் விட்டத்தில் எத்தனை மில்லிமீட்டர் அடங்குகிறது என்று பாருங்கள். 4 மடங்கு லென்ஸில் 4.5 மில்லிமீட்டர் என்றால், 10 மடங்கு லென்ஸில் 1.8, 40 மடங்கு லென்ஸில் 0.45 மில்லிமீட்டர். 10 மடங்கு லென்ஸில் வெங்காயச் செல்கள் நீளவாக்கில் ஆறு அடங்கினால் ஒரு செல்லின் நீளம் 0.3 மில்லிமீட்டர், அதாவது 300 மைக்ரோமீட்டர். கருவிக்குக் கருவி இந்த விட்டம் மாறும் என்பதால் ஒவ்வொன்றையும் அளந்து, எண்ணைத் தாளில் எழுதி அடிப்பாகத்தில் ஒட்டிவிடுங்கள்.

கற்றுக்கொண்டார்களா என்று அறிய

பருவத்தின் முடிவில் ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வையுங்கள். லென்ஸ் பாதி திரும்பியிருக்கட்டும், கண்ணாடி வேறு பக்கம் பார்க்கட்டும், டயபிரம் மூடியிருக்கட்டும். பெயர் எழுதாத ஒரு ஸ்லைடைக் கொடுத்து, ஐந்து நிமிடத்தில் 400 மடங்கில் தெளிவாகக் காட்டி, தெரிவதை விவரிக்கச் சொல்லுங்கள். பொருளின் பெயரைச் சரியாகச் சொல்வதற்குக் குறைவான மதிப்பெண், கருவியைக் கையாண்ட விதத்துக்கு அதிகம். பொதுத்தேர்வுச் செய்முறையில் தடுமாறுபவர் யார் என்பதும் இதிலேயே தெரிந்துவிடும், அவர்களுக்கு இன்னும் இரண்டு வகுப்பு ஒதுக்கலாம்.

வகுப்பு முடிந்ததும் எடுத்து வைப்பதையும் மாணவர்களே செய்யட்டும். சிறிய லென்ஸ் நேர்கோட்டில், மேடை விலகிய நிலையில், ஸ்லைடு அகற்றப்பட்டு, மேடையில் சிந்திய உப்பு நீரும் சாயமும் துடைக்கப்பட்டு, உறை போட்ட பிறகுதான் அலமாரிக்குப் போக வேண்டும். கருவிகளுக்கு எண் கொடுத்து, ஒரு நோட்டில் அன்று பயன்படுத்திய இருவரின் பெயரையும் கண்ட பழுதையும் அவர்கள் கையாலேயே எழுத வையுங்கள். "3ஆம் எண், திருகு தளர்ந்து மேடை தானாக இறங்குகிறது" என்று ஒன்பதாம் வகுப்பு மாணவி எழுதி வைத்தால், பாரிமுனைப் பக்கம் பழுதுபார்க்கக் கொண்டுபோகும்போது என்ன சொல்ல வேண்டும் என்று நீங்கள் யோசிக்க வேண்டியிருக்காது.